நாடகம் போடவா பணம் கட்டினோம்?

ஜெர்மன் வகுப்பில் ஆசிரியர் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒருவரை நோயாளியாகப் படுக்கச் சொல்லி, இன்னொருவரை நர்ஸாக அருகில் நிற்கச் சொன்னால், அன்று மாலையே பயிற்சி மையத்துக்கு ஒரு போன் வந்துவிடும். “நாடகம் போடவா பணம் கட்டினோம்? கிராமரை முடிச்சுக் குடுங்க, பரீட்சை பாஸ் பண்ண வைங்க, அது போதும்.” பேசுகிறவர் ஒரு மாணவியின் அப்பாவாக இருப்பார், அல்லது அண்ணனாக. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. அவருடைய பதற்றத்தை நான் மதிக்கிறேன். கருத்தைத்தான் மறுக்கிறேன். அவர் கட்டிய பணத்தையும் அந்தப் பெண்ணின் உழைப்பையும் சேர்த்துக் கரைப்பது அந்தக் கருத்துதான்.

அது அப்பாக்களுடைய கருத்து மட்டுமல்ல. மையம் நடத்துகிறவர்கள், கல்லூரி மொழித்துறைக்காரர்கள், ஆசிரியர்களில் பெரும்பாலோர் என எல்லாருமே அதை நம்புகிறார்கள். முதலில் இலக்கணத்தையும் சொற்களையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவை சேரச் சேரப் பேச்சு தானாக வரும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இலக்கணம் படிக்க வேண்டும். பாத்திரமேற்றுப் பேசுவது, ரோல் பிளே என்று நாம் சொல்வது, பாடம் முடிந்த வெள்ளிக்கிழமை மதியத்துக்கு உரியது. இது ஆராய வேண்டிய ஒரு கருத்து என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. அவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது. நான் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன். பிறமொழி வகுப்பில், பல வாரங்கள் நீளும் பாத்திரமேற்புத் திட்டத்தைத்தான் பாடத்தின் நடுவில் வைக்க வேண்டும். இலக்கணம் அதற்குள் வந்து தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

‘தானாக வரும்’ என்பது பொய் என்பதற்குச் சாட்சி தேடி ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் படிக்கிறார்கள். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுகிறார்கள், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுகிறார்கள், எல்லாம் சரியாகவே செய்கிறார்கள். பிறகு கல்லூரியிலும் ஆங்கிலம். அதற்கும் பிறகு, வேலைக்கான நேர்காணல் வந்ததும், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் தனியாகப் பணம் கட்டிச் சேர்கிறார்கள். படித்ததெல்லாம் தானாகப் பேச்சாக மாறும் என்றால் அந்தப் போர்டு நம் ஊர்த் தெருக்களில் தொங்க வேண்டிய அவசியமே இல்லை. பள்ளித் தேர்வுகளில் ஆங்கில உரையாடலைக்கூடத் தாளில் எழுதவைத்துத்தான் மதிப்பெண் போடுகிறோம். வாயைத் திறக்காமலே உரையாடலில் முழு மதிப்பெண் வாங்க முடிகிற ஏற்பாடு இது. அதில் தேறியவர் பேசத் திணறினால், அது அவருடைய குறை ஆகாது.

ஆங்கிலத்தில் இந்தத் தோல்வியை நாம் தாங்கிக்கொண்டோம். சுற்றிலும் தமிழ் இருந்தது. ஜெர்மனிக்குப் போகும் நர்ஸுக்கு அந்த அணைப்பு கிடையாது. ஜெர்மன் அரசு அமைப்புகள் ‘டிரிபிள் வின்’ என்ற பெயரில் 2013 முதல் வெளிநாட்டுச் செவிலியர்களைச் சேர்த்து வருகின்றன. கேரளத்தின் நோர்க்கா அமைப்பு 2021இல் அதில் ஒப்பந்தம் செய்துகொண்டது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஜெர்மன் பயிற்சி தந்து நர்ஸ்களை அனுப்புகிறது. தனியார் மையங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே நர்ஸாக முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக ஜெர்மன் மொழித் தேர்ச்சியில் பி2 நிலைச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழோடு இறங்குகிற பெண்ணுக்கு முன்னால், பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வட்டார வழக்கில், பாதி வாக்கியத்தில் முனகுகிற ஒரு பெரியவர் படுத்திருப்பார். அவர் சொல்வது புரியாவிட்டால் இழப்பு மதிப்பெண்ணில் இல்லை.

மேலே போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ரோல் பிளே என்ற பெயரில் நம் வகுப்புகளில் நடப்பதில் பெரும்பகுதி அந்தப் பெயருக்கே தகுதியில்லாதது. பாடநூலில் கடைக்காரர், வாடிக்கையாளர் உரையாடல் அச்சாகியிருக்கும். இருவர் எழுந்து வந்து மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். கடைக்காரர் என்ன சொல்வார் என்று வாடிக்கையாளருக்கு முன்பே தெரியும். நடுவில் ஒருவர் ஒரு வரியை மறந்தால் மற்றவரும் நின்றுவிடுவார். கைதட்டல், உட்காருதல், அடுத்த ஜோடி. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ‘ரோல் பிளேயால் என்ன பயன்’ என்று கேட்கிறார்கள். இதனால் பயனில்லை என்பதை நானும் உரக்கச் சொல்கிறேன். ஆனால் இது எதிர்த்தரப்பின் சொந்த முறை. ‘முதலில் மனப்பாடம்’ என்ற கொள்கை சட்டையை மாற்றிக்கொண்டு மேடை ஏறியிருக்கிறது. அதன் தோல்வியைப் பாத்திரமேற்பின் கணக்கில் எழுதக்கூடாது.

நான் சொல்லும் திட்டத்துக்கு நல்ல மூதாதை ஒன்று பிரான்சில் உண்டு. வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பிப்பதற்கான வழிகளை ஆராய்ந்த பெல்க் என்ற அமைப்பில் பிரான்சிஸ் டெபிசேரும் ழான்-மார்க் காரேயும் 1970களில் ஒரு முறையை வளர்த்தார்கள். 1986இல் டெபிசேரின் ‘லிமெப்ல்’ நூல் வந்தது. வகுப்பு முழுவதும் சேர்ந்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டும். எந்தத் தளத்தில் யார் குடியிருக்கிறார், என்ன வயது, என்ன தொழில், யாருக்கும் யாருக்கும் ஆகாது, யார் வீட்டில் நாய் குரைக்கிறது என்று எல்லாவற்றையும் மாணவர்களே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு குடியிருப்பாளர். வாரக்கணக்கில் அந்தக் கட்டடம் வாழும். படிக்கட்டில் சந்திப்பார்கள், புகார்க் கடிதம் எழுதுவார்கள், சண்டை போடுவார்கள், கடைசியில் ஏதாவது பெரிய சம்பவம் நடக்கும். ஜார்ஜ் பெரெக் 1978இல் ஒரு பாரிஸ் கட்டடத்தின் குடியிருப்புகளை வைத்து எழுதிய நாவல் இதற்குத் தூண்டுதலாக இருந்தது. தீவு, கிராமம், சர்க்கஸ், ஹோட்டல் என்று வேறு களங்களுக்கும் இது பரவியது.

இதை நர்ஸ்களின் வகுப்புக்குக் கொண்டுவருவது கடினம் இல்லை. கட்டடத்துக்குப் பதில் ஒரு வார்டு. ஆறு வாரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் நோயாளிகளை உருவாக்க வேண்டும். டோர்ட்முண்ட் நகரத்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், 82 வயது, விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, சர்க்கரை உண்டு, வலது காது மந்தம், மனைவி இறந்துவிட்டார், மகள் ஹாம்பர்க்கில். இந்த ஒருவரை உருவாக்குவதற்குள் எண்கள், வயது, உறவுப் பெயர்கள், உடல் உறுப்புகள், இறந்தகால வினை, எல்லாம் தேவைப்பட்டுவிடும். இரவுச் சாப்பாடாக அங்கே பெரும்பாலும் ரொட்டியும் சீஸும் குளிர்ந்தபடியே வரும் என்பதையும் மாணவர்களே தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாம் வாரம் அவரை வார்டில் சேர்க்கும் நேர்காணல். மூன்றாம் வாரம் வலி: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்க வேண்டும், அவர் எண்ணைச் சொல்லாமல் கதை சொல்வார். நான்காம் வாரம் மகளின் தொலைபேசி. ஐந்தாம் வாரம் ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர். ஆறாம் வாரம் டிஸ்சார்ஜ்.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி, நோயாளியாக நடிப்பவரிடம் இருக்கும் அட்டை. அதில் எழுதியிருப்பது நர்ஸாக நிற்பவருக்குத் தெரியாது. ‘வலி அதிகம், ஆனால் சொன்னால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று பயம். மூன்று முறை கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்.’ ‘படுக்கையடியில் சாக்லேட் ஒளித்திருக்கிறாய்.’ மகளின் அட்டையில், ‘அப்பாவுக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும், விடாதே’ என்று இருக்கும். நர்ஸோ தொலைபேசியில் முகம் தெரியாதவரிடம் நோயாளியின் விவரத்தைச் சொல்லக்கூடாது; ஜெர்மனியில் அது சட்டப்படியான கடமை. மறுக்கவும் வேண்டும், பதறும் மகளை அமைதிப்படுத்தவும் வேண்டும், அதுவும் ஜெர்மனில். எந்த இலக்கண அட்டவணையும் இந்தச் சிக்கலை உங்கள் கையில் தராது. நடுவில் ஆசிரியர் இன்னொரு சீட்டைப் போடுவார்: ‘இரண்டாம் படுக்கைக்காரர் விழுந்துவிட்டார்.’ அப்போது வார்டு முழுவதும் பேசியாக வேண்டும். பேசுவார்கள். நான் பார்த்திருக்கிறேன், அதுவரை வருகைப் பதிவுக்கு மட்டும் குரல் கொடுத்தவர்கள்கூடக் குரலை உயர்த்துவார்கள்.

‘இதில் இலக்கணம் எங்கே?’ என்பார்கள். ஒரே ஓர் உதாரணம் போதும். நோயாளியாக இருக்கும் மாணவர் குமட்டுகிறது என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படித்த பழக்கத்தில் ‘இஹ் பின் ஷ்லெஹ்ட்’ என்கிறார். ஜெர்மனில் அது ‘நான் மோசமான ஆள்’ என்பதுபோல ஆகிவிடும். சொல்ல வேண்டியது ‘மிர் இஸ்ட் ஷ்லெஹ்ட்’. எழுவாயாக ‘நான்’ வரக்கூடாது, ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமை வர வேண்டும். தமிழில் நாம் ‘எனக்குக் குமட்டுகிறது’ என்று சொல்வதுபோலவே. இந்த வேற்றுமைப் பிரதிப்பெயர்களை எல்லா மாணவர்களும் ஏ1 நிலையிலேயே அட்டவணையாக ஒப்பித்திருக்கிறார்கள். மிர், டிர், ஈம், ஈர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் குமட்டல் வந்தபோது அட்டவணை உதவிக்கு வரவில்லை. நோயாளி சொன்னது நர்ஸுக்குப் புரியாமல், இருவரும் விழித்து, ஆசிரியர் ‘நாம தமிழ்ல எப்படிச் சொல்வோம்?’ என்று கேட்ட அந்த நிமிடத்தில்தான் நான்காம் வேற்றுமை அந்த வகுப்புக்குள் உண்மையிலேயே வந்தது. விதியை நான் தள்ளவில்லை. விதிக்குத் தேவை பிறந்த பிறகு அதைச் சொல்லுங்கள் என்கிறேன்.

இதற்கு ஆராய்ச்சி உலகிலிருந்து பெரிய ஆதரவு கனடாவில் கிடைத்தது. 1965இல் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் திட்டம் தொடங்கியது. அது நாடு முழுவதும் பரவியது. பல வருடம் பிரெஞ்சிலேயே கேட்டும் படித்தும் வளர்ந்த பிள்ளைகள் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட இணையாக வந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் பின்தங்கியே நின்றது. மெரில் ஸ்வெய்ன் 1985இல் அதற்குச் சொன்ன விளக்கம் முக்கியமானது: அந்தப் பிள்ளைகள் நிறையக் கேட்டார்கள், ஆனால் தாங்களே நீளமாக, துல்லியமாகப் பேசியாக வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு வரவில்லை. கேட்கும்போது சொற்களின் பொருளை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். பேசும்போது வினைமுற்றையும் வேற்றுமையையும் நாமே தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘நிறையக் கேட்டால் போதும், பேச்சு தன்னால் பழுக்கும்’ என்று நவீன மொழியில் பேசுகிற இன்னொரு கூட்டத்துக்கும் இது பதில். இலக்கணப் பிரியர்கள் இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, இலக்கணம் பின்தங்கியதே’ என்று மகிழ வேண்டாம். ஸ்வெய்ன் கேட்டது கூடுதல் அட்டவணைகளை அல்ல. மாணவரைப் பேசும்படி நெருக்குகிற சூழ்நிலைகளை.

எதிர்த்தரப்பில் எனக்கு மிகவும் மரியாதைக்குரிய வாதம் ஒன்று உண்டு. அது நம் மண்ணிலிருந்தே வந்தது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு சோதனையை நடத்தினார். உலக மொழிக்கல்வி வரலாற்றில் ‘பெங்களூர் திட்டம்’ என்று பெயர் பெற்றது அது. இலக்கணப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் சிந்தித்துத் தீர்க்கும் வேலைகளைக் கொடுத்தார். வேலையைச் செய்வதில் மனம் இருக்கும்போது மொழி தானே உள்ளே அமையும் என்பது அவர் கொள்கை. 1987இல் அதை நூலாக்கினார். இதுவரை அவர் என் பக்கம். ஆனால் மாணவர்களைக் குழுவாகப் பிரித்துத் தங்களுக்குள் பேசவிடுவதை அவர் விரும்பவில்லை. அரைகுறை மொழி பேசுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசினால் ஒருவரின் பிழை இன்னொருவரிடம் ஒட்டிக்கொண்டு இறுகிப்போகும் என்று அஞ்சினார். ஆசிரியரோடு பேசுவதே அவருக்கு நல்லதாகப் பட்டது.

இந்த அச்சத்தை எளிதாகத் தட்டிவிட முடியாது. நம் வகுப்பறையில் நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் மூன்றாவது நிமிடத்தில் தமிழுக்குப் போய்விடுவார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் பிழை தொற்றும் என்ற பகுதியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் லாங்கும் பட்ரீஷியா போர்ட்டரும் 1985இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது: ஆசிரியர் முன்னால் பேசும்போது இருக்கும் துல்லியத்தைவிட, தங்களுக்குள் பேசும்போது இருக்கும் துல்லியம் குறைவாக இல்லை. பேசும் அளவோ கூடுகிறது; ‘என்ன சொன்னீங்க?’, ‘அப்படின்னா?’ என்று பொருளைத் துருவிக் கேட்பதும் கூடுகிறது. வார்டில் நர்ஸுக்குத் தேவைப்படுகிற திறமைகளில் முதலாவது அதுதான். புரியாதபோது புரிந்ததுபோலத் தலையாட்டாமல், வெட்கப்படாமல், மரியாதையோடு மறுபடி கேட்பது. ஆசிரியர் மட்டுமே கேள்வி கேட்கும் வகுப்பில் மாணவருக்குத் திருப்பிக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

தமிழுக்கு நழுவுவதற்கும் பிழை இறுகுவதற்கும் மருந்து ஆசிரியரின் வேலையில் இருக்கிறது. ரோல் பிளே என்றால் ஆசிரியர் மூலையில் உட்கார்ந்து போன் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது. பேச்சு நடக்கும்போது அவர் நோட்டுப் புத்தகத்தோடு படுக்கைக்குப் படுக்கை நடக்க வேண்டும். இடையில் புகுந்து திருத்தக்கூடாது, எழுதிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் யார் சொன்னது என்று காட்டாமல் ஐந்தாறு வாக்கியங்களைப் பலகையில் எழுதி, வகுப்பே திருத்தும்படி விட வேண்டும். பிறகு அதே காட்சியை, நோயாளியையும் நர்ஸையும் மாற்றி, இன்னொரு முறை நடத்த வேண்டும். இந்த இரண்டாவது முறையைத்தான் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால் திட்டமே வீண். முதல் முறையில் எங்கே மாட்டிக்கொண்டோம் என்று மாணவருக்குத் தெரியும்; அந்த இடத்தைத் தாண்டுவதற்குத் தேவையான சொல் இப்போதுதான் கிடைத்திருக்கிறது; அதை உடனே எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் அது அவருடையதாகிறது.

அடுத்து, ‘நம்ம பிள்ளைங்க கூச்ச சுபாவம், நடிக்க வராது’ என்ற பேச்சு. அக்கறையோடு சொல்லப்படுவதால் இது இன்னும் ஆபத்தானது. கூச்சம் எதனால் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பில் எழுந்து நிற்கும் பெண்ணை ஆசிரியர் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கிறார். தப்பாகச் சொன்னால் தப்பு அவள் பெயரில் விழுகிறது. பின்பெஞ்சில் சிரிப்பு. 82 வயது ரயில்வே தாத்தாவாகப் படுத்துக்கொண்டு தப்பாகப் பேசினால் தப்பு தாத்தாவுடையது. காது மந்தமான மனிதர், அப்படித்தான் பேசுவார். பல்கேரியாவின் கியோர்கி லொசானோவ் தன் மொழி வகுப்புகளில் மாணவர்களுக்குப் புதுப் பெயரும் புது வாழ்க்கையும் கொடுத்தது இதை உணர்ந்துதான். அவருடைய மற்ற கோட்பாடுகளை நான் ஏற்பதில்லை, இந்த ஒன்றை வகுப்புதோறும் உண்மையாகக் காண்கிறேன். பாத்திரம் என்பது கூச்சப்படுகிறவர் ஒளிந்துகொண்டு பேசுவதற்கான இடம். கூச்சத்தைக் காரணம் காட்டி அந்த இடத்தையும் பறிப்பது நியாயம் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு நடிக்க வராது என்பதும் எந்த ஊர்க் கதை? சொப்பு வைத்து விளையாடும் நாலு வயதுப் பிள்ளைகளைக் கவனியுங்கள். அம்மாவாக இருப்பவள் குரலை மாற்றுகிறாள், ‘சாப்பிட வாங்க’ என்று அப்பாவாக இருப்பவனை மரியாதையோடு கூப்பிடுகிறாள், பொம்மைக் குழந்தையை ‘வாடி’ என்கிறாள். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற இலக்கணத்தை யாரும் அவளுக்கு அட்டவணை போட்டுச் சொல்லவில்லை. எலைன் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் சிறு பிள்ளைகளிடம் கைப்பொம்மைகளைக் கொடுத்து அம்மா, டாக்டர், ஆசிரியர் என்று பேசவைத்து, இந்தத் திறமை எவ்வளவு சிறு வயதிலேயே வந்துவிடுகிறது என்று 1990இல் ஒரு நூலே எழுதினார். தாய்மொழியில் இப்படித்தான் பழகினோம். இரண்டாவது, மூன்றாவது மொழிக்கு வரும்போது மட்டும் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறோம்.

வயது வந்த நர்ஸுக்கு இது இன்னும் அதிகமாகத் தேவை. இங்கே பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒதுங்கி நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர் அவர். அங்கே ‘இந்த மருந்தின் அளவு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று அவரே வாய் திறந்து சொல்ல வேண்டிய நேரம் வரும். சொற்கள் தெரிந்திருந்தாலும் வாய் வராது. அப்படிப் பேசுகிற ஆளாக அவர் இதற்குமுன் இருந்ததே இல்லை. வகுப்பில் ஒரு முறை, இரண்டு முறை, டாக்டராக நடிக்கும் தோழியிடம் மறுத்துப் பேசிப் பார்த்தவருக்குத்தான் அந்த வாக்கியம் தன் குரலில் எப்படி ஒலிக்கும் என்று தெரியும்.

வகுப்பு பெரியது, நேரம் இல்லை என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். முப்பது பேர், தொண்ணூறு நிமிடம். ஆசிரியர் ஒருவர் ஒருவராகக் கேட்டால், தான் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்தாலும், ஆளுக்கு மூன்று நிமிடம்தான். நடைமுறையில் ஒரு நிமிடம்கூடத் தேறாது. அதே வகுப்பில் நாற்பது நிமிடம் எல்லாரும் இரண்டிரண்டு பேராகப் பேசினால் ஆளுக்கு இருபது நிமிடம். வகுப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு இந்த முறை அவசியமாகிறது. சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். வரட்டும், பார்க்கட்டும்.

கடைசியாகத் தேர்வு. ‘பாஸ் பண்ண வைங்க, அது போதும்’ என்கிறார்களே, அந்தத் தேர்வைத்தான் அவர்கள் கவனித்துப் பார்க்கவில்லை. கோத்தே நிறுவனத்தின் பி1 பேச்சுத் தேர்வில் முதல் பகுதியே இரண்டு தேர்வர்கள் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவது. பி2வில் இரண்டு பேரும் ஒரு கேள்வியை வைத்து வாதிட வேண்டும். எதிரே உட்காருகிறவர் உங்கள் மையத்தின் மாதிரி விடையைப் படித்திருக்க மாட்டார். இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற நர்ஸ்கள் எழுதும் ஓஇடி தேர்வின் பேச்சுப் பகுதியோ முழுக்க இரண்டு ரோல் பிளேக்கள்தான்: கையில் ஓர் அட்டை தருகிறார்கள், படிக்க மூன்று நிமிடம், பிறகு நோயாளியாகவோ உறவினராகவோ அமர்ந்திருப்பவரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஜெர்மனியில் டாக்டர்களுக்கான மருத்துவ மொழித் தேர்வு இருபது நிமிடம் நோயாளியிடம் பேசுவது, இருபது நிமிடம் அதை எழுதுவது, இருபது நிமிடம் இன்னொரு மருத்துவரிடம் எடுத்துச் சொல்வது. நோயாளியாக இருப்பவர் தேர்வாளர். ஆக, தேர்வு நடத்துகிறவர்கள் இதை விளையாட்டு என்று நினைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். தேர்வுக்குத் தயார் செய்கிறவர்கள்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மருத்துவக் கல்வியே இதற்கு முன்னோடி. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963இல், நலமாக இருக்கும் ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து மருத்துவ மாணவர்களை அவரிடம் பேசவைத்தார். முதலில் ஏளனம் செய்தார்கள். இன்று உலகெங்கும் மருத்துவத் தேர்வுகளில் அது வழக்கம். இந்தியாவில் 2019இல் சேர்ந்த எம்பிபிஎஸ் மாணவர்களிலிருந்து, நோயாளியிடம் பேசும் முறைக்கும் மருத்துவ அறத்துக்கும் தனிப் பாடப்பகுதி வந்துவிட்டது; அதில் ரோல் பிளேயும் உண்டு. தாய்மொழியில் பேசுவதற்கே டாக்டருக்கு இந்தப் பயிற்சி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட நாட்டில், அந்நிய மொழியில் பேசப்போகும் நர்ஸுக்கு அட்டவணை போதும் என்கிறோம்.

இப்போது செய்யக்கூடிய காரியம் ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மன் மருத்துவமனைகளில் நம் பெண்களும் ஆண்களும் ஏற்கெனவே டியூட்டி பார்க்கிறார்கள். எந்த நோயாளி எப்படிப் பேசினார், எங்கே தாங்கள் மாட்டிக்கொண்டோம், எந்தக் கேள்விக்கு வாயடைத்து நின்றோம் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, ஆளுக்கு ஒரு சம்பவத்தைப் பத்து வரியில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். அவற்றை நோயாளிக்கு ஒன்று, நர்ஸுக்கு ஒன்று என இரண்டிரண்டு அட்டைகளாகப் பிரித்து அச்சிட்டால், நம் வகுப்புகளில் இல்லாத பாடநூல் கிடைத்துவிடும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இதைத் தொகுத்துத் தன் மாணவர்களுக்கும் தனியார் மையங்களுக்கும் இலவசமாகக் கொடுக்கலாம். அதோடு, தன் வகுப்புகளில் ஏ2 முடிந்த நாளிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது வார்டுத் திட்டத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு விதி போடலாம். ஆசிரியர்களுக்கு அதை நடத்தும் பயிற்சியை வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம்.